மணப்பெண் பொம்மைக்குப் பெரிஹானின் முகம்

பெரிஹான் பிறந்தபோது அவள் அப்பா லாரியில் மரமேற்றிக்கொண்டு எர்ஸுரூம் பக்கம் போயிருந்தார். திரும்பி வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தவர், "என்ன இது, பிறந்ததும் பிறக்காததுமா என்னையே முறைக்குது?" என்றாராம். அந்த முறைப்பு அவளை விட்டுப் போகவே இல்லை. சொந்த ஊரான தாஷ்பினாரில் அவளிடம் ஜன்னல் திரைச்சீலை தைக்கக் கொடுப்பவர்கள்கூட, துணியைக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள்.

இருபது வயதில் கராபூக்கில் இரும்பாலைத் தொழிலாளி ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆள் கெட்டவன் இல்லை. கல்யாணமாகி நாலைந்து வருஷத்தில் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான். முதலில் வாரா வாரம் போன் வந்தது. பிறகு பெருநாளுக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் அவன் தம்பி வந்து, அங்கே அண்ணனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான். பெரிஹான் அழுதாளா என்பது யாருக்கும் தெரியாது. தையல் மிஷினைக் கம்பளியில் சுற்றி பஸ்ஸின் அடிவயிற்றில் ஏற்றிக்கொண்டு பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிற கடைக்காரனான அண்ணன் நெஜ்மி, தன் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தான். அண்ணி சபாஹத்துக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாத்திரங்களை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

இப்படியே பதினான்கு பதினைந்து வருஷம் ஓடியது. ஊரில் பாதி ஜன்னல்களில் பெரிஹானின் திரைச்சீலை தொங்கியது. அவளுக்கு நாற்பது தாண்டியது.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி, ஆற்றோரத்தில் பாழடைந்து கிடந்த நீதிபதி மாளிகையைச் சீர்படுத்தி மியூசியமாக்கியது. நாட்டுப்புற வாழ்க்கை, கைத்தொழில் என்று பெரிய பலகை. கீழே செம்புக்கொட்டடி, தறி, சமையலறை. மேலே மணப்பெண் அறை, சுன்னத் அறை. ஒவ்வொன்றிலும் ஆளுயரப் பொம்மைகள் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் இருக்க வேண்டும். கடையில் வாங்கினால் துணிக்கடை பொம்மை மாதிரி எல்லாம் ஒரே மூஞ்சியாக இருக்குமென்று, அங்காராவிலிருந்து ஒரு சிற்பி அம்மாளை வரவழைத்தார்கள். அவர் சொன்னார்: "இந்த ஊர் மக்களோட முகத்தையே அச்செடுத்துப் பண்ணிடுவோம்."

ஊரே வரிசையில் நின்றது. சபாஹத் தலைமுடிக்குச் சாயம் போட்டுக்கொண்டு போனாள். மணப்பெண்ணாக உட்கார வேண்டுமென்று அவளுக்கு ஆசை. துணைக்குப் போன பெரிஹானைப் பார்த்ததும் சிற்பி அம்மாள், "நீங்களும் படுங்க, ரொட்டி சுடற பொம்பளைக்கு ஒரு முகம் வேணும்" என்றார். பெரிஹான் யோசித்தாள். அன்றைக்குத் தைக்க வேலையும் இல்லை. சரி என்று படுத்தாள். மூக்கில் இரண்டு உறிஞ்சுகுழல் செருகி, முகம் முழுக்கச் சாந்து பூசினார்கள். உள்ளே குளிர்ச்சியாக இருந்ததில் அப்படியே தூங்கிப்போனாள். எழுப்பியபோது, "உங்களை மாதிரி அசையாமப் படுத்தவங்க யாருமே இல்லை" என்று பாராட்டினார் சிற்பி. அதோடு அதை மறந்துவிட்டாள்.

திறப்பு விழாவுக்கு அவள் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரை தைக்கிற அவசரம். சாயங்காலம் எதிர்வீட்டு மெலாஹத் மூச்சுவாங்க ஓடி வந்தாள்.

"அடியே பெரிஹான், கல்யாணச் சாப்பாடு எங்கடி? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லையே!"

"யாருக்குக் கல்யாணம்?"

"உனக்குத்தான்! மேல்மாடியில கட்டில் ஓரமா உட்கார்ந்திருக்க. மெல்லிசா சிவப்பு முக்காடு, தங்கச் சரிகை போட்ட வெல்வெட் கவுன். மாப்பிள்ளை முக்காட்டைத் தூக்கறதுக்குக் கையை நீட்டிட்டு நிக்கிறாரு."

"மாப்பிள்ளையா? எந்த மாப்பிள்ளை?"

மெலாஹத் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "வாட்ச்மேன் துர்சுன்."

துர்சுன் மியூசியத்துக் காவலாளி. முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை, இவனாவது இருக்கட்டும் என்று, அதே பொருளில் பெற்றவர்கள் வைத்த பெயர் அது. இருந்தான். முன்பு மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தான். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பல வருஷம் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டான். அம்மா போய்ச் சேர்ந்தபோது கல்யாண வயது அவனைக் கடந்து போயிருந்தது. பேச்சு குறைவு. டீக்கடையில் யாராவது கிண்டல் செய்தால் சர்க்கரைக் கட்டியைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பான், கரைந்த பிறகும்.

சிற்பி அம்மாளுக்கு வேலை பாதியில் மனசு மாறியிருக்கிறது. பெரிஹானின் கன்ன எலும்பு மணப்பெண்ணுக்குத்தான் பொருந்தும் என்று தலையை அங்கே மாட்டிவிட்டார். சபாஹத்தின் தலை கீழே சமையலறைக்குப் போய், ரொட்டி மாவு தேய்க்கிற உடம்பில் ஏறியது. யாரையும் கேட்கவில்லை.

சபாஹத் வீட்டுக்கு வந்து சும்மா இருக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் புருஷனிடம் ஆரம்பித்தாள். "நான் மாவு பிசைஞ்சுக்கிட்டுக் கிடக்கேன், அது போகட்டும். நாற்பது வயசுக்காரியை ஒரு ஆம்பளையோட படுக்கையறையில உட்கார வச்சிருக்காங்களே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா? கடையில உட்கார்ந்து பூட்டு வித்துக்கிட்டே இருங்க. வீட்டு மானம் திறந்து கிடக்கட்டும்."

மறுநாள் நெஜ்மி மியூசியத்துக்குப் போய் இயக்குநர் ஜெவ்தெத்தின் மேசையைத் தட்டிக் கத்தினான். ஜெவ்தெத் சண்டையென்றாலே வியர்த்துப் போகிற மனிதர். அன்றே மாப்பிள்ளைப் பொம்மையை அறையிலிருந்து தூக்கச் சொன்னார். பக்கத்து அறையில் சுன்னத் செய்கிறவரின் பொம்மைக்குக் கொண்டுவரும் வழியிலேயே கழுத்து விரிசல் விட்டிருந்ததால் அந்த இடம் காலி. மாப்பிள்ளைக்கு வெள்ளை அங்கியை மாட்டி அங்கே நிறுத்தினார்கள். முக்காட்டைத் தூக்க நீட்டிய கையில் கத்தியைக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து துர்சுனுக்கு இன்னொரு தொல்லை. தெருவில் அவன் வந்தால் சின்னப் பையன்கள் முன்பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். டீக்கடையில் பெரிய ஆட்களே, "டேய், கால் மேல கால் போட்டுக்கோங்கடா, வர்றான்" என்றார்கள். துர்சுன் சர்க்கரையைக் கலக்கினான்.

பெரிஹானுக்கு வந்த பேச்சு வேறு மாதிரி. மெலாஹத் தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தபோது சொன்னாள்: "பார்க்கப் பாவமா இருக்குடி. அவ்வளவு பெரிய கட்டில்ல ஒத்தையா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. நேத்து இனெபோலுலேர்ந்து வந்த பொம்பளைங்க, மாப்பிள்ளை ஓடிட்டானாக்கும்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

மெலாஹத் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பெரிஹானின் மிஷின் நின்றுவிட்டது. ஊசி துணிக்குள் இறங்கியபடி அப்படியே கிடந்தது. ஒருதரம் விட்டுவிட்டுப் போனது போதாதா? இப்போது கண்ணாடி விளக்குப் போட்டு, வெளியூர்க்காரர்களெல்லாம் பார்க்கும்படி இன்னொரு தரமா?

மறுநாள் காலையில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

மியூசிய வாசலில் துர்சுன் செருப்புக்கு மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் உறைகளை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கை நின்றது.

"குடுங்க. ஊர்க்காரங்களுக்கு இலவசம்தானே?"

"ஆமாங்க" என்றான் தரையைப் பார்த்து.

கோபமாக வந்தவள் நேராக மேலே போயிருக்கலாம். ஆனால் உள்ளே நுழைந்ததும் கால் தானாக மெதுவானது. செம்புக்கொட்டடியில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தால் பேக்கரிக்காரன் சித்தீக். நிஜ சித்தீக் ஒரு நாளும் சுத்தியல் பிடித்ததில்லை. ஆனாலும் பொம்மை பிடித்திருந்த தோரணையைப் பார்த்தால் பரம்பரைக் கன்னான் மாதிரி இருந்தது. தறியில் தபால்காரரின் மனைவி. மரக்கரண்டி செதுக்குகிற இடத்தில் ஊரின் பெரிய சோம்பேறி. பெரிஹானுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. சுவரில் தொங்கிய கம்பளிக் காலுறைகள், பூப்போட்ட சால்வைகள், குதிரைக்கு மாட்டுகிற நீல மணிகள். நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். சமையலறையில் சபாஹத் குட்டை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மெல்லிய உருட்டுக்கட்டையால் மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கடைரொட்டிதான் வாங்குகிறவள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்த அந்த முகம் மட்டும் அச்சு அசல்.

மாடி ஏறினாள்.

தன் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது வேறு. இப்படிப் பக்கவாட்டில், தூரத்திலிருந்து, தன்னைப் பார்க்காத தன் முகத்தைப் பார்ப்பது வேறு. கண் மூடித் தூங்கியவளுக்குச் சிற்பி அம்மாள் பழுப்பு நிறத்தில் கண் வைத்திருந்தார். பெரிஹானின் கண் சாம்பல் நிறம். முறைப்பைக் காணோம். யார் எது சொன்னாலும் சரியென்பவள்போல் இருந்தாள் அந்தப் பெண். கராபூக்குக்குப் போன வருஷம் தான் அப்படித்தான் இருந்தோமோ என்று ஒரு கணம் தோன்றியது. கயிற்றைத் தாண்டிக் கை நீட்டிக் கன்னத்தைத் தொட்டாள். எங்கோ பீப் பீப் என்று கத்தியது.

துர்சுன் படியேறி ஓடி வந்தான். "அக்கா, தொடக் கூடாதுங்க."

"என் மூஞ்சியை நானே தொடக் கூடாதா?"

அதற்கு மியூசியச் சட்டத்தில் விதி ஏதும் இல்லை போலும். போய் மணியை அணைத்துவிட்டு வந்தான்.

"உங்களைத்தான் கேக்கணும்னு வந்தேன்" என்றாள் பெரிஹான். "உங்க பொம்மையைத் தூக்கிக் கத்தியைக் கையில குடுத்தாங்களே, அப்ப வாய் எங்க போச்சு? ஏன் இப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது?"

துர்சுன் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். "நான்தாங்க மாத்தச் சொன்னேன்."

"என்னது?"

"உங்க அண்ணன் வந்தது காலையில. அதுக்கு முந்தின நாள் ராத்திரியே நான் இயக்குநர்கிட்ட சொல்லிட்டேன். டீக்கடையில கண்டபடி பேசினாங்க. என்னைப் பேசினா போகுது. உங்க பேரு அதுல வந்துச்சு. அதான்."

பெரிஹான் அவனையே பார்த்தாள். இரக்கப்பட்டுத்தான் செய்திருக்கிறான் என்று தெரிந்தது. அது தெரிந்ததில்தான் கோபம் இன்னும் ஏறியது.

"நல்லது பண்ணினீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? சிற்பி கேக்கல. எங்கண்ணன் கேக்கல. உங்க இயக்குநர் கேக்கல. நீங்களும் கேக்கல. உட்காருன்னா உட்காரணும், ஒத்தையா இருன்னா இருக்கணும். நான் என்ன பொம்மையா?"

சொல்லிவிட்டு இருவரும் ஒரே சமயத்தில் கட்டிலில் இருந்தவளைப் பார்த்தார்கள். துர்சுனின் உதடு துடித்தது. பெரிஹானுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்த சிரிப்பு என்பதால் கண்ணில் தண்ணீர் வந்தது. அவன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கொடுக்கலாமா என்று பாதியில் நிறுத்தினான். அவளே பிடுங்கிக்கொண்டாள்.

"தப்புதாங்க" என்றான். "கேட்டிருக்கணும். இப்பக் கேக்கறேன். என்ன செய்யணும்?"

அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தாள்.

"ரொட்டி சுடற பொம்பளைன்னு சொல்லித்தானே படுக்க வச்சாங்க? அங்கேயே வைக்கச் சொல்லுங்க. அங்க இருக்கற எங்கண்ணி தலையை இங்க வைங்க. அவளுக்கும் ஆசைதான்."

ஜெவ்தெத்தின் அறைக்கு இருவருமாகப் போனார்கள். அவர் வழக்கம்போல் வியர்த்தார். "உங்க அண்ணன் என்ன சொல்வாரோ…" என்று இழுத்தார்.

"சார், முகம் என்னுதா, எங்கண்ணனுதா?"

"உங்களுது."

"அப்ப அவர் எதுக்கு?"

ஜெவ்தெத் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

தலைகள் ஒற்றைத் திருகாணியில்தான் நின்றன. பார்வையாளர்கள் போன பிறகு, துர்சுன் முக்காட்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஸ்பானரால் திருகிக் கழற்றினான். "பிடிச்சுக்குங்க, கனம்" என்று சொல்லி, பெரிஹானின் தலையைப் பெரிஹானின் கையில் கொடுத்தான். அவள் அதைக் குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பெருக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடியது ஊரில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. சமையலறையில் சபாஹத்தின் தலையைக் கழற்றி, இதை மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்கள்.

"கொஞ்சம் நிமிர்த்துங்க" என்றாள் பெரிஹான். "இன்னும். ம். இப்ப முறைக்குதா?"

"முறைக்குதுங்க" என்றான் துர்சுன் திருப்தியாக.

"உங்களையும் அந்த அறையிலேர்ந்து எடுத்துரச் சொல்லவா? கத்தியும் கையுமா நிக்கிறது எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

துர்சுன் அவசரமாகத் தலையாட்டினான். "வேணாங்க, இருக்கட்டும். முன்னாடியெல்லாம் பசங்க ஒரு பொருளை விடமாட்டானுங்க. இப்ப எல்லாத்துலேர்ந்தும் கையை எடுத்துட்டானுங்க. எனக்கு வேலை பாதியாயிடுச்சு."

வீட்டில் அன்று புயல் அடிக்கும் என்று எதிர்பார்த்துத்தான் பெரிஹான் போனாள். நெஜ்மி வாயைத் திறந்தான். அதற்குள் சபாஹத், "என்னது, என்னையா மணப்பொண்ணா வச்சிருக்காங்க? வெல்வெட் கவுனா? சரிகையெல்லாம் நிஜமா?" என்று கேட்டாள். கேட்டவள் உடனே எழுந்து போய், பெரிஹானுக்கு முதலில் சூப்பை ஊற்றினாள். அந்த வீட்டில் அவளுக்கு முதலில் ஊற்றியது அன்றைக்குத்தான்.

பிரச்சினை நெஜ்மிக்குத்தான் வந்தது. மணப்பெண் தனியாக உட்கார்ந்திருக்க முடியாதே. இன்னொருத்தன் முகத்தைத் தன் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நிறுத்த அவன் ஒப்புவானா? வசந்த காலத்தில் சிற்பி அம்மாள் மறுபடி வந்தபோது, மேசையைத் தட்டிக் கத்திய அதே நெஜ்மி, மூக்கில் இரண்டு குழலைச் செருகிக்கொண்டு, மீசைக்கு வாஸ்லின் தடவி, சாந்துக்கடியில் படுத்திருந்தான். கடையில் அவனைக் காணாமல் தேடி வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மீசையில் கொஞ்சம் பிய்ந்து வந்துவிட்டது. "என் மானம் போச்சு" என்று புலம்பினான். சபாஹத் மட்டும் விருந்தாளி யார் வந்தாலும் முதலில் மியூசியத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

பெரிஹானுக்கு மியூசியத்தில் கொஞ்சம் வேலை கிடைத்தது. வெயில் பட்டுத் துணிகள் நிறம் போகாமலிருக்க எல்லா ஜன்னலுக்கும் கனமான திரை வேண்டுமென்று ஜெவ்தெத் கேட்டார். அளவெடுக்க ஏணி பிடிக்க ஆள் வேண்டும். துர்சுன் பிடித்தான். ஒரே தடவையில் எடுக்க வேண்டிய அளவு நாலைந்து தடவையானது. குளிருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தான், கூட ஒரு துண்டு கஸ்தமோனு ஹல்வாவும். அவள் தின்றுகொண்டே, "உங்க சட்டைக் காலர் திரும்பிக் கிடக்கு, கழற்றிக் குடுங்க, மாத்திப் போட்டுத் தைக்கறேன்" என்பாள். ஊர் பார்த்தது. ஆனால் பொம்மைகளைப் பற்றிப் பேசிய அளவுக்கு இவர்களைப் பற்றிப் பேசவில்லை. அந்தச் சிரிப்பை ஏற்கெனவே சிரித்து முடித்திருந்தார்கள்.

கடைசித் திரையும் மாட்டியான பிறகு, ஏணியை மடக்கிக்கொண்டே துர்சுன் கேட்டான்: "பெரிஹான், ஒண்ணு கேக்கணும். கேக்காம நானா எதுவும் முடிவு பண்ணக் கூடாதுன்னு சொன்னீங்க."

"கேளுங்க."

கேட்டான். பெரிஹான் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சுத் தலையணையில் குத்தி முடித்தாள்.

"உங்க வீட்டுல கணப்பு புகையுதாமே, மெலாஹத் சொன்னா. அதைச் சரி பண்ணுங்க முதல்ல. புகையில எனக்கு இருமல் வரும்."

இலையுதிர் காலத்தில் நகராட்சி மண்டபத்தில் பதிவுக் கல்யாணம் நடந்தது. பெரிஹான் வெள்ளையும் போடவில்லை, வெல்வெட்டும் போடவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டும் பாவாடையும் தானே தைத்துப் போட்டுக்கொண்டாள். சம்மதம் கேட்டபோது அதிகாரி பேசி முடிப்பதற்குள் "சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். அவர் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. யார் காலை யார் முதலில் மிதிக்கிறார்களோ அவர்கள் கைதான் வீட்டில் ஓங்கும் என்பார்களே, மேசைக்கடியில் அவள் மிதித்த மிதியில் துர்சுன் "அம்மா" என்று கத்திவிட்டான். மண்டபமே சிரித்தது. நெஜ்மியும் சிரித்தான்.

ஓடைக்கு மேலே துர்சுனின் அம்மா இருந்த மரவீட்டில்தான் குடித்தனம். பிள்ளை பிறக்கிற வயது இல்லை, பிறக்கவுமில்லை. அதற்காக இருவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. அவள் தையலை விடவில்லை. அவன் பேச்சு கொஞ்சம் கூடியது. டீக்கடைக்குப் போவது குறைந்தது. பனி விழுந்து சாலை மூடுகிற மாதங்களில் மியூசியத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அப்போது அவன் வீட்டிலேயே உட்கார்ந்து அவளுக்குத் திரைச்சீலைக்கு ஓரம் மடித்துக் கொடுப்பான். கோணல்மாணலாக மடிப்பான். அவள் பிரித்துத் திரும்ப மடிப்பாள்.

"இதுக்கு நீங்க சும்மாவே இருக்கலாம்" என்பாள்.

"இருக்கட்டும், இன்னொண்ணு குடு" என்பான் துர்சுன்.